மூன்று சேர்வரையும் பூலில் பதிந்தாயிற்று, விஎம் மட்டும் எழும்பவில்லை

பரந்தன் பொடியன் | இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் ஒரு அலுவலகத்தில் கணினிப் பக்கத்தை நான் ஒருத்தன்தான் பார்க்கிறேன். சேர்வரும் நான்தான், பிரிண்டரில் சிக்கிய பேப்பர் இழுப்பதும் நான்தான். எங்களிடம் பாவித்த சாமானாக வாங்கிய இரண்டு டெல் ஆர்730 இருக்கிறது, இரண்டிலும் இ5-2680 வி4 சிபியு. மூன்றாவது எச்பி டிஎல்380 ஜென்9, அதில் இ5-2650 வி3. ஒவ்வொன்றிலும் 128 ஜிபி ராம். மூன்றிலும் புரொக்ஸ்மொக்ஸ் 8, அதாவது ஒரு சேர்வருக்குள் பல விஎம்களை (மென்பொருளால் செய்த கணினிகளை) ஓட்டுகிற மென்பொருள். முதல் இரண்டையும் சாமான் கொண்டுவந்தவர்களே கிளஸ்ரராக, அதாவது ஒரே கூட்டமாக, கட்டித் தந்தார்கள், மூன்றாவதைப் போன கிழமை நானே சேர்த்தேன்.

ஸ்ரோரேஜ் பட்டியலில் "டேற்றா" என்று ஒரு ஃபோல்டர் பதிந்திருந்தது. அதைத் திறந்து பார்த்தால் "ஷெயார்ட்" என்று ஒரு பெட்டி. சரி, இதைச் சரி போட்டால் மூன்று சேர்வருக்கும் பொதுவாகிவிடும் என்று நினைத்துப் போட்டேன். மூன்று நோட்டிலும் (கிளஸ்ரரில் இருக்கிற ஒவ்வொரு சேர்வரும் ஒரு நோட்) "டேற்றா" பச்சையாக வந்தது, ஒரே சந்தோஷம். பிறகு கணக்குப் பகுதியின் விஎம் 104ஐ நிறுத்திவிட்டு முதலாவது நோட்டில் இருந்து மூன்றாவதுக்கு மாற்றினேன். ஒரே செக்கனில் முடிந்தது! 200 ஜிபி டிஸ்க் ஒரு செக்கனில் போகுமா என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஸ்ராட் அமத்தினால் அப்படி ஒரு வொல்யூமே இல்லை என்கிறது. நெஞ்சு பக்கென்றது. நாளை காலை எட்டரைக்குக் கணக்காளர் அக்கா வந்துவிடுவார். என்ன செய்யட்டும்?

டிஸ்க் வைத்தியர் | இரவு 9.20

தம்பி, முதலில் கையை எடும். அந்த விஎம்மை அழித்துப் புதிதாகச் செய்வோம் என்று மட்டும் போகாதேயும். உம்முடைய டிஸ்க் எங்கேயும் போகவில்லை, முதலாவது நோட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த ஷெயார்ட் பெட்டி எதையும் பொதுவாக்காது. "இது ஏற்கெனவே பொதுவான ஸ்ரோரேஜ், எந்த நோட்டில் இருந்து பார்த்தாலும் ஒரே சாமான்தான்" என்று நீர் புரொக்ஸ்மொக்ஸுக்குக் கொடுக்கிற வாக்குமூலம் அது. அது உம்மை நம்பும், சோதித்துப் பார்க்காது. பொதுவானது என்று சொன்னதால் டிஸ்கைக் கொப்பி பண்ணத் தேவையில்லை என்று நினைத்து, விஎம்மின் அமைப்புக் கோப்பை மட்டும் மூன்றாவது நோட்டின் பெயருக்கு மாற்றிவிட்டது. அதுதான் ஒரு செக்கன். காணி உறுதி உம்முடைய பெயரில், காணி வேறு ஊரில்.

இப்போது செய்ய வேண்டியது: விஎம் நின்ற நிலையிலேயே திரும்ப முதலாவது நோட்டுக்கு மாற்றும், அதுவும் ஒரு செக்கனில் போகும். முதலாவது நோட்டில் அந்த ஃபோல்டருக்குள் போய் இமேஜஸ் என்பதற்குள் 104 என்ற ஃபோல்டர், அதற்குள் விஎம்மின் டிஸ்கான கியூகவ்2 கோப்பு இருக்கிறதா என்று கண்ணால் பாரும். இருந்தால் ஸ்ராட். எழும்பிய பிறகு ஒரு பக்கப் எடுத்துவிட்டு ஷெயார்ட் பெட்டியின் சரியை நீக்கும். அதற்குப் பிறகு மாற்றினால் முறையாக டிஸ்கையும் கொப்பி பண்ணிக்கொண்டு போகும், நேரம் எடுக்கும், அது நல்லது.

பரந்தன் பொடியன் | இரவு 9.47

அண்ணா உயிர் வந்தது. கோப்பு அங்கேயேதான் இருந்தது, 104 எழும்பிவிட்டது, பக்கப் ஓடுகிறது. இன்று இரவு நித்திரை வரும்.

ஆனால் மூன்று நோட்டிலும் பச்சையாகக் காட்டியதே, அது எப்படி?

டிஸ்க் வைத்தியர் | இரவு 9.55

ஸ்ரோரேஜ் பதிவு ஒரே கோப்பில், கிளஸ்ரர் முழுவதற்கும் பொதுவாக இருக்கிறது. அதில் எழுதியிருப்பது பெயரும் பாதையும் மட்டும். அந்தப் பாதையில் ஒரு ஃபோல்டர் இல்லாவிட்டால் ஃபோல்டர் வகை ஸ்ரோரேஜ் தானாகவே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே எச்பியில் இருப்பதும் "டேற்றா"தான், வெறும் "டேற்றா". பச்சை என்றால் "பாதை திறக்கிறது" என்று மட்டும் அர்த்தம், உள்ளே என்ன கிடக்கிறது என்பதற்கு அது பொறுப்பில்லை.

ஒரு நோட்டில் மட்டும் இருக்கும் டிஸ்கைப் பதியும்போது "நோட்ஸ்" என்ற இடத்தில் அந்த நோட்டின் பெயரை மட்டும் தெரிவு செய்யும். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

ஒட்டுசுட்டான் தங்கச்சி | இரவு 10.08

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நான் அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். பூல் என்றால் என்ன என்பதே எனக்கு இன்னும் விளங்கவில்லை. வகுப்பில் ரிசோர்ஸ் பூல் என்று ஒன்று சொன்னார்கள், லினக்ஸில் விஎம் ஓட்டுகிற லிப்வேர்ட் பழகும்போது ஸ்ரோரேஜ் பூல் என்று வந்தது, புரொக்ஸ்மொக்ஸிலும் பூல் என்று ஒரு மெனு, அதே மாதிரி இன்னொரு மென்பொருளான எக்ஸ்சிபி-என்ஜியிலும் பூல். எல்லாம் ஒன்றா? கேட்க வெட்கமாகத்தான் இருந்தது.

குளத்தடி அண்ணர் | இரவு 10.31

வெட்கப்பட ஒன்றும் இல்லை பிள்ளை. பாதிப் பேர் விளங்காமல்தான் ஓட்டுகிறோம்.

இரணைமடுக் குளத்தை எடுங்கள். சிறுபோகத்துக்கு முதல் கூட்டம் வைப்பார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, இம்முறை இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று தீர்மானிப்பார்கள். எனக்கு ஐந்து ஏக்கர் வயல் இருக்கலாம், ஆனால் என் பங்கு ஒன்றரை என்று வந்தால் ஒன்றரைக்குத்தான் வாய்க்காலில் தண்ணீர். அந்த ஒன்றரை கட்டாயம் கிடைக்கும், அதுதான் ரிசர்வேஷன். இதற்கு மேல் எப்போதும் இல்லை என்று ஓர் உச்சம் வைத்தால் அது லிமிற். மழை பெய்து மிச்சம் இருந்தால் யாருக்கு எவ்வளவு என்பது ஷெயார்ஸ். இதற்கெல்லாம் முதலில் குளத்துக்கு எந்த ஆறு வருகிறது, எந்த வாய்க்கால் எந்தக் காணிக்குப் போகிறது, யார் கமக்காரர் என்று பதிவு இருக்க வேண்டும். பதிவில்லாத காணிக்குத் தண்ணீர் கேட்க ஏலாது. சேர்வர், ஸ்ரோரேஜ், நெற்வேர்க் மூன்றையும் பதிவது அந்த வேலைதான்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தர் பங்கு ஒன்று கிடைக்க மூன்றுக்கு விதைத்தார். கடைசித் தண்ணீருக்குப் பட்ட பாட்டைச் சொன்னால் இந்த இழை காணாது.

வவுனியா சந்தி | இரவு 10.58

அண்ணர், உவமை வடிவாக இருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் ஒழுகுகிறது. குளம் என்பது டிஸ்குக்குத்தான் பொருந்தும். இன்று பாவிக்காத தண்ணீர் நாளைக்கும் குளத்தில் நிற்கும். சிபியு நேரம் அப்படிச் சேமிக்க ஏலாது, அது ஓடுகிற வாய்க்கால். உங்கள் முறையில் நீங்கள் மடை திறக்காவிட்டால் அது அடுத்தவருக்கோ கடலுக்கோ போய்விடும். அதனால்தான் சிபியுவைக் கணக்குக்கு மேல் பகிர்ந்து கொடுத்தாலும் பெரும்பாலும் தப்பிவிடுகிறோம், எல்லோரும் ஒரே நேரத்தில் மடை திறப்பது குறைவு. டிஸ்கைக் கணக்குக்கு மேல் கொடுத்தால் ஒருநாள் வறண்டே தீரும். ராம் இரண்டுக்கும் நடுவில், ஆனால் டிஸ்கின் பக்கம் சாய்ந்தது.

தங்கச்சிக்கு: ஒரே சொல், நான்கு சாமான். எக்ஸ்சிபி-என்ஜியில் பூல் என்றால் சேர்வர்களின் கூட்டம், அதற்கு ஒரு மாஸ்ரர் உண்டு. இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான விஎம்வெயாரில் ரிசோர்ஸ் பூல் என்பது ஏற்கெனவே கட்டிய கிளஸ்ரரின் சிபியுவையும் ராமையும் துண்டு போடுவது. லிப்வேர்ட்டில் டிஸ்க் கோப்புகள் வைக்கும் இடம் பூல், அதைப் பதிந்து தொடக்கினால் மட்டும் போதாது, ஓட்டோஸ்ராட்டும் போட வேண்டும், இல்லாவிட்டால் சேர்வர் மறுபடி எழும்பும்போது பூல் படுத்திருக்கும். புரொக்ஸ்மொக்ஸின் பூல் வெறும் கட்டு. இந்த விஎம்களும் இந்த ஸ்ரோரேஜும் கணக்குப் பகுதிக்கு என்று கட்டி, அந்தக் கட்டுக்கு யாருக்கு அனுமதி என்று எழுதுவதற்கு. அதற்குள் போட்டதால் ஒரு விஎம்முக்கும் கூடவோ குறையவோ ராம் கிடைக்காது.

இன்னொன்று, பரந்தன் தம்பியும் கேட்கட்டும். மூன்று சேர்வரையும் பதிந்தவுடன் திரையில் மொத்தம் 384 ஜிபி என்று வரும். அது ஒரே பாத்திரத்தில் இருக்கிற 384 இல்லை, மூன்று 128. ஒரு விஎம் ஒரு சேர்வரில்தான் ஓடும், 200 ஜிபி கேட்கிற விஎம்மை அந்தப் பூலில் எங்கேயும் எழுப்ப ஏலாது. ஒரு சேர்வர் விழுந்தால் மற்ற இரண்டும் தாங்க வேண்டும் என்றால் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியது 256, அதிலும் ஹோஸ்ட்டுகளுக்கு, அதாவது சேர்வர்களுக்கே, கொஞ்சம் விட வேண்டும். நான் 220க்கு மேல் நிரப்ப மாட்டேன்.

மாங்குளத்தான் | இரவு 11.04

384 என்று பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தன். அக்கா ஒரே பந்தியில் கொன்றுவிட்டார்.

வவுனியா சந்தி | இரவு 11.19

ஷெயார்ஸ் பற்றி அண்ணர் சொன்னதில் ஒரு பொறி இருக்கிறது, விஎம்வெயார் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். ரிசோர்ஸ் பூலுக்கு சிபியு ஷெயார்ஸ் ஹை என்றால் 8000, நோர்மல் 4000, லோ 2000. முக்கியமான 20 விஎம்மையும் ஹை பூலில் போட்டு, சோதனைக்கு வைத்திருக்கிற 2 விஎம்மை லோ பூலில் போட்டார் ஒருத்தர். நெருக்கடி வரும்போது என்ன நடக்கும்? 8000ஐ 20 பேர் பங்கு போட ஆளுக்கு 400. 2000ஐ இரண்டு பேர் பங்கு போட ஆளுக்கு 1000. லோவில் கிடக்கிறது ஹையில் இருப்பதை விட இரண்டரை மடங்கு தின்கிறது. பூலை ஃபோல்டர் மாதிரிப் பாவிக்கிறவர்கள் எல்லோரும் இதில் விழுகிறார்கள். அடுக்கி வைக்கத்தான் வேண்டும் என்றால் அங்கே ஃபோல்டர் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது.

ஒட்டுசுட்டான் தங்கச்சி | இரவு 11.30

அக்கா, இதை எழுதி வைத்துவிட்டேன். இரண்டு மாதமாக விளங்காதது இப்போது விளங்கிவிட்டது. குளத்தடி அண்ணருக்கும் நன்றி, குளம் ஒழுகினாலும்.

மன்னார் காற்று | காலை 6.40

எக்ஸ்சிபி-என்ஜி பற்றி யாரோ கேட்டதால் என் கதை. அங்கே பூலில் சேர்ப்பதற்கு முதல் நிறையச் சோதனை போடும். சேரும் ஹோஸ்ட்டில் ஓடுகிற விஎம் இருக்கக் கூடாது, பதிப்பும் பட்சும் ஒன்றாக இருக்க வேண்டும், சிபியு ஒரே நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும், ஏற்கெனவே ஷெயார்ட் ஸ்ரோரேஜ் கட்டியிருக்கக் கூடாது. எரிச்சலாக இருக்கும், ஆனால் நல்லதுக்குத்தான்.

வெளியில் எடுக்கும்போதுதான் கவனம். பூலில் இருந்து ஒரு ஹோஸ்ட்டை விலக்கினால் அது மறுபடி பூட் ஆகி, புதிதாக இன்ஸ்ரோல் பண்ணினது போல வரும், உள்ளே இருந்த லோக்கல் டிஸ்கின் விஎம்கள் எல்லாம் அழிந்துவிடும். திரையில் எச்சரிக்கை எழுதித்தான் இருந்தது. நான் "ஓம், ஓம்" என்று அமத்திக்கொண்டு போனேன். சிசிரிவி பதிவு வைத்திருந்த விஎம் என்பதால் வேலை போகவில்லை, மானம் போனது. இப்போது எந்த எச்சரிக்கையையும் ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டுத்தான் அமத்துகிறேன், பக்கத்து மேசைக்காரர் சிரிக்கிறார்.

பரந்தன் பொடியன் | காலை 7.55

எல்லோருக்கும் நன்றி. கணக்காளர் அக்கா வந்து உள்ளே போய்விட்டார், ஒன்றும் தெரியாது அவருக்கு.

இனி ஒழுங்காகச் செய்யப் போகிறேன். எதை முதலில் பதிவது? நான் சேர்வர், பிறகு ஸ்ரோரேஜ், கடைசியாக நெற்வேர்க் என்று போனேன். மூன்று சேர்வரும் ஒரே 1 ஜிபி சுவிட்சில், ஆளுக்கு ஒரு கேபிள்.

டிஸ்க் வைத்தியர் | காலை 10.22

தலைகீழாகப் போயிருக்கிறீர். நெற்வேர்க்தான் முதல்.

ஸ்ரோரேஜ் பதிவு கிளஸ்ரருக்குப் பொது என்று சொன்னேன் அல்லவா, நெற்வேர்க் அப்படி இல்லை. ஒவ்வொரு நோட்டின் நெற்வேர்க் கோப்பும் அந்த நோட்டிலேயே இருக்கிறது, ஒன்றில் எழுதினால் மற்றதுக்குப் போகாது. விஎம்மின் அமைப்பில் "விஎம்பிஆர்1இல் செருகு" என்று பிரிட்ஜின், அதாவது சேர்வருக்குள் இருக்கிற மென்பொருள் சுவிட்சின், பெயர் மட்டும்தான் எழுதியிருக்கும். பிரிட்ஜ் மூன்று நோட்டிலும் அதே பெயரில், அதே கேபிளுக்குப் பின்னால், அதே விலானோடு (ஒரே கேபிளில் பிரித்து ஓட்டுகிற நெற்வேர்க்) இருக்க வேண்டியது உம்முடைய பொறுப்பு. டெல்லில் விஎம்பிஆர்1 உள் நெற்வேர்க், எச்பியில் விஎம்பிஆர்1 வெளி ரவுற்றர் என்று இருந்தால் விஎம் மாறும், ஓடும், பச்சையாக இருக்கும், ஆனால் சம்பளச் சேர்வர் தெருவில் நிற்கும். நேற்று டிஸ்கில் பட்டதே இங்கேயும்: பெயர் ஒன்று, சாமான் வேறு. கையால் எழுத அலுப்பு என்றால் 8.1இல் இருந்து எஸ்டிஎன் என்ற நெற்வேர்க் மென்பொருள் கூடவே வருகிறது, அதில் விலானைக் கிளஸ்ரர் மட்டத்தில் ஒரேயடியாகப் பதியலாம். மூன்று நோட்டுக்கு நான் கையாலேயே எழுதுவேன்.

அடுத்தது கொரோசிங்க், கிளஸ்ரரைச் சேர்த்து வைத்திருக்கிற மென்பொருள். மூன்று சேர்வரும் "இருக்கிறாயா, இருக்கிறேன்" என்று ஓயாமல் கதைத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பெரிய வேகம் வேண்டாம், தாமதம் மட்டும் கூடாது, 5 மில்லிசெக்கனுக்குள் இருக்க வேண்டும். நீர் அதே ஒற்றை 1 ஜிபி கேபிளில் பக்கப்பும் ஓட்டுகிறீர். அந்தக் கேபிள் நல்ல நாளிலேயே செக்கனுக்கு 110 மெகாபைட்டுக்குக் கிட்டத்தான் கொடுக்கும், 500 ஜிபி பக்கப் என்றால் ஒன்றேகால் மணித்தியாலம் கேபிள் நிரம்பி வழியும். அந்த நேரத்தில் "இருக்கிறாயா" என்ற கேள்விக்குப் பதில் பிந்தும். எச்ஏ (ஒரு சேர்வர் விழுந்தால் விஎம்மை இன்னொன்றில் தானாக எழுப்புகிற வசதி) போட்டிருந்தால் பதில் கிடைக்காத நோட் தான் தனித்துப்போனதாக நினைத்துத் தன்னைத்தானே ரீபூட் பண்ணும். இரவு இரண்டு மணிக்கு ஏன் சேர்வர் விழுந்து எழும்புகிறது என்று தேடுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு விடை இதுதான். ஆர்730இல் வழக்கமாக நான்கு போர்ட் இருக்கும், ஒன்றை எடுத்துக் கொரோசிங்குக்கு மட்டும் தனிச் சின்னச் சுவிட்சில் கட்டும். மலிவான சுவிட்சே போதும்.

சேர்வர் பதிவில் இரண்டே விஷயம். சேர்கிற நோட்டில் விஎம் ஒன்றும் இருக்கக் கூடாது, பெயரும் ஐபியும் சேர முதலே கடைசியானதாக இருக்க வேண்டும், பிறகு மாற்றுவது தலையிடி. மற்றது சிபியு. உம்முடைய டெல் இரண்டும் வி4, எச்பி வி3. விஎம்மின் சிபியு வகையை "ஹோஸ்ட்" என்று வைத்தால் வி4இல் எழும்பிய விஎம் வி4இல் மட்டும் இருக்கிற கட்டளைகளைப் பழகிவிடும், ஓடிக்கொண்டிருக்கும்போது வி3க்கு மாற்றினால் விழலாம். மூன்றுக்கும் பொதுவான வகையைத் தெரிவு செய்யும், எக்ஸ்86-64-வி3 மூன்றிலும் ஓடும். இதில் வரும் வி3 வேறு, உம்முடைய சியோன் சிபியுவின் பெயரில் வரும் வி3 வேறு, குழம்பாதேயும்.

ஸ்ரோரேஜ் பற்றி நேற்றே கதைத்துவிட்டோம்.

தட்டுவன்கொட்டி | காலை 11.10

இவ்வளவு கரைச்சல் ஏன், விஎம்வெயார் போட்டால் எல்லாம் ஒரே திரையில் வடிவாக இருக்குமே.

மாங்குளத்தான் | காலை 11.16

2023 நவம்பரில் பிரோட்கொம் நிறுவனம் விஎம்வெயாரை வாங்கிய பிறகு லைசன்ஸ் விலை கேட்டுப் பார்த்தீர்களா அண்ணா? கேட்டவுடன் எங்கள் நிதிப் பிரிவில் தண்ணீர் தெளித்துத்தான் ஆளை எழுப்பினோம்.

தட்டுவன்கொட்டி | காலை 11.21

இல்லை, கேட்கவில்லை. சரி, வாயை மூடிக்கொள்கிறேன்.

வவுனியா சந்தி | காலை 11.40

அவர் சொன்னதிலும் உண்மை உண்டு, அந்தத் திரை வடிவுதான். ஆனால் அங்கேயும் டேற்றாஸ்ரோரின் (ஸ்ரோரேஜுக்கு அங்கே அந்தப் பெயர்) பெயர் எல்லா ஹோஸ்ட்டிலும் ஒன்றா, விஎம்மைச் செருகுகிற போர்ட் குழுவின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்க்காமல் விட்டால் இதே குழிதான்.

பரந்தன் பொடியன் | நான்கு நாள் கழித்து, இரவு 8.05

திரும்ப வந்திருக்கிறேன், திரும்பப் பிரச்சினையோடு. சிரிக்காதீர்கள்.

சிபியு வகை மாற்றினேன், பிரிட்ஜ் மூன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து வாசித்துச் சரி பண்ணினேன், கொரோசிங்குக்குத் தனிச் சுவிட்ச் வாங்கிக் கட்டினேன். நேற்று இரவு கரண்ட் போய் வந்தது. காலையில் வந்து பார்த்தால் முதலாவது நோட்டின் ரூட் டிஸ்க், புரொக்ஸ்மொக்ஸே இருக்கிற இடம், நூறு வீதம் நிரம்பி, எந்த அமைப்பையும் சேமிக்க ஏலாது என்கிறது. எங்கே நிரம்பியது என்று ஒவ்வொரு ஃபோல்டராக அளந்தால் எல்லாம் கூட்டி 12 ஜிபிதான் வருகிறது. ரூட் 94 ஜிபி. மிச்சம் எங்கே? பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. பக்கப் வைக்கிற பழைய கணினி, என்எஃப்எஸ்ஸில் (நெற்வேர்க் வழியாக ஃபோல்டரைப் பகிர்கிற முறை) கொடுத்தது, இப்போது ஒழுங்காக ஓடுகிறது.

டிஸ்க் வைத்தியர் | இரவு 8.13

பக்கப் இடத்தை எப்படிப் பதிந்தீர்? என்எஃப்எஸ் என்ற வகையிலா, அல்லது நீரே கையால் மவுண்ட் பண்ணி, அதாவது ஒரு வெறும் ஃபோல்டரில் பொருத்திவிட்டு, ஃபோல்டர் என்ற வகையிலா?

பரந்தன் பொடியன் | இரவு 8.15

இரண்டாவது. யாரோ ஒருத்தர் வீடியோவில் அப்படித்தான் செய்தார்.

டிஸ்க் வைத்தியர் | இரவு 8.34

பேய் பிடிபட்டது. கரண்ட் வந்தவுடன் சேர்வர் எழும்பிவிட்டது, பழைய கணினி எழும்பப் பிந்திவிட்டது. மவுண்ட் ஆகவில்லை. ஆனால் மவுண்ட் ஆக வேண்டிய வெறும் ஃபோல்டர் இருக்கிறது தானே, புரொக்ஸ்மொக்ஸ் அதையே பக்கப் இடம் என்று நம்பி இரவு முழுக்க ரூட் டிஸ்கில் எழுதித் தள்ளிவிட்டது. பிறகு பழைய கணினி எழும்ப, அதே ஃபோல்டருக்கு மேல் மவுண்ட் வந்து உட்கார்ந்தது. கீழே கிடக்கிற 80 ஜிபி இப்போது கண்ணுக்குத் தெரியாது, பாய்க்குக் கீழே தள்ளிய குப்பை மாதிரி. அளந்தாலும் வராது, இடம் மட்டும் இல்லை.

அந்த மவுண்ட்டைக் கழற்றிவிட்டு அதே ஃபோல்டரைத் திறந்து பாரும், எல்லாம் இருக்கும். நேற்றைய பக்கப் வேண்டுமென்றால் வேறு டிஸ்குக்கு நகர்த்திவிட்டு அழியும். பிறகு அந்தப் பதிவையே நீக்கிவிட்டு என்எஃப்எஸ் என்ற வகையில் புதிதாகப் பதியும், அப்போது மவுண்ட் ஆகிறதா என்று அதுவே பார்க்கும், இல்லாவிட்டால் சாம்பல் நிறத்தில் நிற்கும். ஃபோல்டர் வகைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் "இது மவுண்ட் இடம்" என்று சொல்கிற ஒப்ஷன் ஒன்று உண்டு, அதையாவது போடும்.

பரந்தன் பொடியன் | இரவு 9.02

82 ஜிபி. பாய்க்குக் கீழேதான் இருந்தது. அண்ணா நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், வந்து காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

குளத்தடி அண்ணர் | இரவு 9.25

கரண்ட் கதை வந்ததால் நானும் ஒன்று சொல்கிறேன். இங்கே கரண்ட் போகும் என்பதை ஒரு தற்செயலாக எடுக்கக் கூடாது, மூன்று சேர்வரையும் பதிகிற மாதிரி அதையும் பதிய வேண்டும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டிய காலத்தில் படித்த பாடம். எது முதலில் எழும்ப வேண்டும்? சுவிட்ச், பிறகு ஸ்ரோரேஜ், பிறகு சேர்வர், பிறகுதான் விஎம். நோட்டின் ஒப்ஷனில் விஎம்களை எழுப்புவதற்கு முன் காத்திருக்கும் நேரம் கொடுக்கலாம், கூடியது 300 செக்கன். என்னுடைய ஸ்ரோரேஜ் பெட்டி எழும்ப ஏழு நிமிடம் எடுக்கிறது, ஆகவே அது காணாது. நான் சேர்வர்களை பயாஸில் தானாக எழும்பாமல் வைத்துவிட்டேன், காவலாளி ஐயா கரண்ட் நிலைத்த பிறகு கையால் அமத்துகிறார். பட்டனுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறேன். இதுவரை எனக்கு வந்த கிளஸ்ரர் மென்பொருளில் அவர்தான் நம்பிக்கையானவர்.

மின்னலையும் மறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கேபிள் இழுத்திருந்தால் ஒரு இடியில் இரண்டு பக்கச் சுவிட்சும் போகும். எனக்குப் போனது. இப்போது ஃபைபர்.

ஒட்டுசுட்டான் தங்கச்சி | இரவு 9.48

ஒரு கேள்வி மட்டும். அக்கா டிஸ்கைக் கணக்குக்கு மேல் கொடுத்தால் வறளும் என்றாரே, எழுதும்போது மட்டும் இடம் எடுக்கிற தின் பூல் என்பது அதைத்தானே செய்கிறது? பிறகு ஏன் இன்ஸ்ரோல் பண்ணும்போது அதையே தருகிறார்கள்?

வவுனியா சந்தி | இரவு 10.15

நல்ல கேள்வி. 100 ஜிபி எழுதிக் கொடுத்த விஎம் உண்மையில் 20தான் பாவிக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது ஓடுகிறது, பெரும்பாலும் உண்மையும்கூட. சிக்கல் என்னவென்றால் விஎம்முக்குள் கோப்பை அழித்தாலும் பூலுக்கு இடம் திரும்பி வராது, டிஸ்கில் டிஸ்கார்ட் போட்டு உள்ளே இருக்கிற ஓஎஸ்ஸும் ட்ரிம் பண்ணினால்தான், அதாவது எந்த இடம் காலி என்று சொன்னால்தான், வரும். பலர் அதைப் போடுவதில்லை. நிரம்பினால் ஒரு விஎம் மட்டும் நிற்காது, அந்தப் பூலில் எழுதுகிற எல்லாம் ஒன்றாக எரர் அடிக்கும். 80 வீதத்தில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன், வந்தால் அன்றைக்கே பார்க்கிறேன். அப்புறம், எல்விஎம் தின் பூலை இரண்டு நோட்டுக்குப் பொதுவாகப் பதிய ஏலாது, அதற்கும் அந்த ஷெயார்ட் பெட்டியைத் தேடிப் போக வேண்டாம்.

பரந்தன் பொடியன் | இரவு 10.20

அக்கா, அந்தப் பெட்டியைப் பார்த்தாலே இப்போது கை நடுங்குகிறது.

இன்றைய நிலை: என்எஃப்எஸ் புதிதாகப் பதிந்துவிட்டேன், "டேற்றா" என்ற பெயரை எடுத்துவிட்டு மூன்று நோட்டிலும் டெல்1-டிஸ்க், டெல்2-டிஸ்க், எச்பி-டிஸ்க் என்று தனித்தனியாக வைத்தேன். பழைய கணினியின் கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சேர்வரை ஒருமுறை எழுப்பிப் பார்த்தேன், பக்கப் இடம் சாம்பலாக நின்றது, ரூட்டில் ஒரு பைட்கூட ஏறவில்லை. 104ஐ மூன்றாவதுக்கு மாற்றினேன், 200 ஜிபிக்கு முப்பத்தொரு நிமிடம். அவ்வளவு நேரமும் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன்.

இனி 10 ஜிபி கார்டு போட ஆசை. இரண்டு கார்டு மலிவாகக் கிடைத்தது, டைரக்ட் கேபிள்தான் இல்லை. கிளிநொச்சியில் யாரிடமும் இருக்கிறதா? மூன்று மீற்றர் போதும்.

மன்னார் காற்று | இரவு 10.41

என்னிடம் இரண்டு கிடக்கிறது, அந்த சிசிரிவி பெட்டியோடு வந்தது. வெள்ளிக்கிழமை ஏ9ஆல் யாழ்ப்பாணம் போகிறேன், பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக் கடையடியில் பத்து மணிக்கு நில்லும் தம்பி. காசு வேண்டாம், வடை வாங்கித் தாரும்.